ஒளியும் ஓர் அறிவிப்பாளரே

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. பூமியிலிருந்து சுமார் 124 ஒளியாண்டுத் தொலைவில் வேறொரு சூரியனைச் சுற்றிவரும் கே2-18பி என்னும் கோளின் காற்றில், டைமெத்தில் சல்ஃபைடு என்னும் மூலக்கூறின் தடயமோ, அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு மூலக்கூறின் தடயமோ தென்படுகிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று அறிவித்தது. நம் பூமியில் அம்மூலக்கூறைப் பெருமளவில் வெளியிடுபவை கடல்வாழ் நுண்ணுயிர்கள். ஆய்வாளர்கள் ‘தடயம்’ என்றார்கள். நாளேடுகளின் தலைப்புகள் ‘உயிர்’ என்றன.

அச்செய்தி நம் சகோதரர்களின் கைப்பேசிக் குழுக்களை எட்டியபோது இரண்டு வடிவங்களை எடுத்திருந்தது. வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ் உயிரினங்களைப் பரவச் செய்திருப்பதைப் பேசும் திருக்குர்ஆனின் 42:29 வசனத்தை அதனோடு இணைத்து, ‘குர்ஆன் சொன்னது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு சாரார் பரப்பினர். ‘இறைமறுப்பாளர்களின் கட்டுக்கதை’ என்று மற்றொரு சாரார் ஒதுக்கினர். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: இச்செய்தி யார் வழியாக வந்தது? அவ்வழி நம்பத்தக்கதா?

செய்தியொன்று வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பதை ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையாகவே விதித்திருக்கிறது. அக்கட்டளையின் நிழலில் வளர்ந்ததே ஹதீஸ் கலை. ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் பார்த்து மயங்காமல், அது கடந்துவந்த அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த சமுதாயம் நம்முடையது. தொலைதூரக் கோள்களின் காற்றில் மூலக்கூறுகளைத் தேடிய வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் அக்கலை நினைவுக்கு வராமல் இராது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஆயினும் நாம் மறந்துவிட்ட ஒரு பழக்கத்தை அவ்வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது.

பஸ்ராவில் பிறந்த ஒளியியல்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்பது பண்டைய கிரேக்க அறிஞர் பலரின் கருத்து. பஸ்ராவில் சுமார் 965ஆம் ஆண்டில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, அங்கேயே ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னு அல்ஹைதம் (ரஹ்) அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் நிறுவினார்.

அந்நூலில் வரும் ஒரு சோதனை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இருட்டறையின் சுவரிலுள்ள சிறு துளைக்கு எதிரே, வெளியில் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றிவைத்தார். அறையின் உள்ளே அத்தனை ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. எல்லா ஒளியும் ஒரே துளை வழியாக நுழைந்தும் ஒன்றோடொன்று கலந்து சிதைந்துவிடவில்லை. ஒளி தான் புறப்பட்ட இடத்தின் செய்தியைக் காத்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அது ஒரு சான்று. அவரே தாலமியின் வானியலில் உள்ள முரண்களைத் தொகுத்து ‘ஐயங்கள்’ என்னும் பெயரில் தனி நூலும் எழுதினார். முன்னோர் மீது வைத்த மதிப்பு அவரைச் சோதிப்பதிலிருந்து தடுக்கவில்லை.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அந்நூலுக்கு விரிவுரை எழுதினார். மழைத்துளிக்குப் பதிலாக நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வானவில் எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சோதித்தார். துளிக்குள் நுழையும் ஒளி ஒருமுறை விலகி, உள்ளே எதிரொலித்து, வெளியேறும்போது மறுமுறை விலகுவதால் வானவில் உண்டாகிறது என்று விளக்கினார். அவர் மறைந்தது சுமார் 1319இல். அந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது தேவைப்படும்.

சூரியனின் கருங்கோடுகள்

முப்பட்டகக் கண்ணாடியின் வழியே வெண்ணிற ஒளி பல நிறங்களாகப் பிரிவதை நியூட்டன் 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தார். அந்த நிறமாலையைப் பெரிதாக்கி நுணுகிப் பார்த்தவர் ஜெர்மனியின் கண்ணாடிக் கைவினைஞர் யோசஃப் ஃபிரான்ஹோஃபர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் வேலை பயின்றவர் அவர். 1814இல் சூரிய ஒளியின் நிறமாலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய கருங்கோடுகளை அவர் கண்டார். முதன்மையானவற்றுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டு அட்டவணையும் வரைந்தார். அவை ஏன் தோன்றுகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாததற்கு அவர் காரணம் கற்பிக்கவில்லை. கண்டதைத் துல்லியமாகப் பதிவுசெய்து வைத்தார்.

விடை 1859இல் ஹைடல்பர்க் நகரில் கிடைத்தது. கிர்க்ஹோஃப், புன்சன் என்னும் இரு அறிஞர்கள், ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய நிறக் கோடுகளை உமிழ்கிறது என்றும், குளிர்ந்த ஆவியாக இருக்கும்போது அதே கோடுகளை ஒளியிலிருந்து விழுங்கிக்கொள்கிறது என்றும் காட்டினர். ஃபிரான்ஹோஃபர் ‘டி’ என்று குறித்த கோடு சோடியத்தின் கைரேகை என்பது உறுதியாயிற்று. எந்த மனிதனும் சென்று அள்ளிவர இயலாத சூரியனில் என்ன இருக்கிறது என்பதை, அங்கிருந்து வரும் ஒளியைக் கொண்டே அறியும் வழி அன்று திறந்தது.

தொடரின் கடைசிக் கண்ணி

ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. சூரியனிலிருந்து புறப்படும் ஒளி நம் கருவியை அடையுமுன் நம்முடைய காற்றைக் கடந்தாக வேண்டும். அக்காற்றும் தன் கோடுகளை அதில் பதித்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1830களில் ஒன்றைக் கவனித்தார்: சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது சில கோடுகள் மட்டும் தடித்துக் கருக்கின்றன. அஸருக்குப் பின் மஃரிபை நோக்கிச் சாயும் சூரியனின் ஒளி, நண்பகலைவிட மிகுதியான காற்றைக் கடந்து வருகிறது. ஆகவே அக்கோடுகள் சூரியனுடையவை அல்ல, பூமியினுடையவை.

பிரான்ஸின் ஜூல் ஜான்சன் இதை மேலும் சோதித்தார். 1864இல் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள நியோன் ஊரில் பெருந்தீ மூட்டச் செய்து, சுமார் 21 கிலோமீட்டர் அப்பால் ஜெனீவாவிலிருந்து அதன் ஒளியை ஆராய்ந்தார். அருகிலிருந்து பார்த்தால் இல்லாத கோடுகள், இடையிலிருந்த காற்றைக் கடந்துவந்த ஒளியில் தென்பட்டன. பின்னர் நீண்ட குழாயில் நீராவியை நிரப்பி, அதன் கோடுகளையும் தனியே அடையாளம் கண்டார். 1868 ஆகஸ்ட் 18 அன்று அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்டு ஆராய்ந்தவரும் இவரே. ஃபிரான்ஹோஃபர் ‘ஏ’, ‘பி’ என்று குறித்த தடித்த கோடுகள் சூரியனின் செய்தி அல்ல, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனின் செய்தி என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதை வேறு சொற்களில் அறிந்திருந்தனர். அறிவிப்பாளர் ஒருவர் தம் சொந்த விளக்கத்தை அறியாமலேயே மூலச் செய்தியோடு சேர்த்துவிட்டால், அதைப் பிரித்தறிந்து ‘முத்ரஜ்’ என்று பெயரிட்டார்கள். நம் காற்று சேர்த்துவிடும் கோடு அத்தகைய இடைச்சேர்க்கையே. அதைப் பிரிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டு ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது.

அதற்குள் கோள்களின் காற்றைப் படிக்கும் கலை முன்னேறியிருந்தது. 1932இல் ரூபர்ட் வில்ட், வியாழனின் ஒளியில் அம்மோனியா, மீத்தேன் ஆகியவற்றின் தடங்களை அடையாளம் கண்டார். அதே ஆண்டு ஆடம்ஸ், டன்ஹாம் இருவரும் வெள்ளியின் காற்றில் கரியமில வாயுவைக் கண்டனர். 1944இல் கைப்பர், சனியின் துணைக்கோளான டைட்டனுக்கு மீத்தேன் அடங்கிய காற்று உண்டு என்று நிறுவினார்.

இந்த ஊக்கத்தில்தான் அமெரிக்க வானியலாளர் வில்லியம் சின்டன் செவ்வாயை நோக்கினார். அகச்சிவப்பு ஒளியில் சுமார் மூன்றரை மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிச் சில பட்டைகள் அவருக்குத் தென்பட்டன. தாவரங்களில் உள்ளவை போன்ற கரிமச் சேர்மங்கள் அத்தகைய பட்டைகளைத் தரும். அன்று உலகின் மிகப்பெரிய தொலைநோக்கியாக இருந்த பலோமரின் 5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1958இல் மீண்டும் பார்த்து, செவ்வாயில் தாவரம் இருப்பதற்கு மேலும் சான்று கிடைத்திருப்பதாக 1959இல் வெளியிட்டார். செவ்வாயில் உயிர் உண்டு என்ற நம்பிக்கை வலுப்பெற்றது.

1965இல் உண்மை வெளிப்பட்டது. அப்பட்டைகளுள் இரண்டு, பூமியின் காற்றில் மிகச் சிறிதளவே உள்ள கன ஹைட்ரஜன் கலந்த நீராவியால் உண்டானவை. செவ்வாயின் செய்தி என்று எண்ணியது நம் தலைக்கு மேலிருந்த காற்றின் செய்தியாகவே இருந்தது. அத்திருத்தத்தை அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் கையெழுத்திட்ட மூவருள் சின்டனும் ஒருவர். தாம் உலகுக்குச் சொன்னதைத் தாமே உலகறியத் திருத்திக்கொண்டார். நாம் பரப்பிய செய்தி பொய்யென்று தெரிந்த பின், அதே குழுவில் அதே மக்களிடம் சென்று அதைச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிற சூரியன்களின் கோள்கள்

நம் சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை மேயோர், கெலோஸ் என்னும் சுவிட்சர்லாந்து வானியலாளர்கள் 1995இல் கண்டறிந்தனர். 1999இல், ஹெச்டி 209458 என்னும் நட்சத்திரத்தின் முன்னால் அதன் கோள் கடந்துசெல்வது முதன்முறையாகக் காணப்பட்டது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை நிகழும் அக்கடப்பின்போது நட்சத்திரத்தின் ஒளி சுமார் ஒன்றரை விழுக்காடு குறைகிறது.

இக்கடப்பே காற்றைப் படிக்கும் வாயிலாயிற்று. கோளைச் சூழ்ந்துள்ள காற்று ஒரு மெல்லிய வளையம் போன்றது. நட்சத்திர ஒளியின் ஒரு சிறு பங்கு அவ்வளையத்தினூடே கசிந்து நம்மை நோக்கி வருகிறது. காற்றிலுள்ள ஒரு பொருள் விழுங்கும் நிறத்தில் பார்த்தால் அவ்வளையம் ஒளிபுகாததாகிக் கோள் சற்றே பெரிதாகத் தோன்றும். 2001இன் இறுதியில், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு டேவிட் சார்போனோவும் அவருடைய குழுவினரும் அக்கோளின் காற்றில் சோடியத்தைக் கண்டதாக அறிவித்தனர். அவர்கள் அளந்த கூடுதல் ஒளிக்குறைவு பத்தாயிரத்தில் இரண்டு பங்கிற்குச் சற்று மேல், அவ்வளவே.

இவ்வளவு மெல்லிய செய்தி நம்மை அடைய நான்கு கண்ணிகளைக் கடக்கிறது: நட்சத்திரம், கோளின் காற்று, தரையிலிருந்து பார்த்தால் நம் காற்று, இறுதியாகக் கருவி. கோளின் காற்று சொல்வதைக் கேட்க வேண்டுமாயின் மற்ற மூன்றையும் விசாரித்தாக வேண்டும். அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு பெரிதும் அவ்விசாரணையின் வரலாறே.

முதலில் கருவி. 2008இல் ஹெச்டி 189733பி என்னும் கோளில் மீத்தேன் கண்டறியப்பட்டதாக, ஹபிளின் ஒரு கருவியிலிருந்து கிடைத்த அளவீடுகளைக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 2011இல் வேறொரு குழு அதே அளவீடுகளை மீண்டும் ஆராய்ந்தது. கருவியின் தடுமாற்றத்தை எம்முறையில் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறிவிடுகிறது என்று அக்குழு காட்டியது.

இரண்டாவது நட்சத்திரம். முதன்முதலில் சோடியம் கண்டதாகச் சொல்லப்பட்ட அதே ஹெச்டி 209458பி கோளை, மேலும் நுண்ணிய நிறமாலைமானிகள் மீண்டும் ஆராய்ந்தன. தங்களுக்குத் தென்பட்ட சோடியத் தடத்தை, நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுவதாலும் அதன் முகத்தில் நடுவும் விளிம்பும் வேறுபடுவதாலும் விளக்கிவிடலாம் என்று 2020இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. பாடநூல்களில் இடம்பெற்றுவிட்ட செய்தியும் மறுவிசாரணைக்கு வந்தது.

மூன்றாவதாக ஆள்மாறாட்டம். 2019இல் நாம் தொடக்கத்தில் கண்ட கே2-18பி கோளில் நீராவி இருப்பதாக ஹபிளின் அளவீடுகளைக் கொண்டு அறிவிக்கப்பட்டது. 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பரந்த அகச்சிவப்பு வரம்பில் பார்த்தபோது, அங்கே தெளிவாகத் தெரிந்தது மீத்தேன். ஹபிள் பார்த்த குறுகிய வரம்பில் நீரும் மீத்தேனும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒளியை விழுங்குகின்றன. ஒரே பெயர் கொண்ட இரு அறிவிப்பாளர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே கதீப் அல்பக்தாதீ (ரஹ்) 11ஆம் நூற்றாண்டில் தனி நூல் தொகுத்தார். ஒரு பெயரைக் கண்டதும் ஆளை முடிவுசெய்துவிடக் கூடாது என்னும் அவ்விதி மூலக்கூறுகளுக்கும் பொருந்துகிறது.

வலுவான அறிவிப்பு எவ்வாறு இருக்கும்?

விசாரணை என்பது எதையும் நம்பாதிருப்பதன்று. பலவீனமானதைப் பிரித்தறிவதே வலுவானதை உறுதியோடு ஏற்பதற்காகத்தான்.

2010இல் ஸ்னெல்லன் என்பவரின் குழு, சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு, ஹெச்டி 209458பி கோளில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிந்தது. அவர்கள் கையாண்ட முறை அழகானது. நம் காற்றின் கோடுகள் ஓரிடத்திலேயே நிற்கும். கோளோ நொடிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் விரைவதால் அதன் கோடுகள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். நிற்பதை நீக்கி, நகர்வதை மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது கோளின் செய்தி. புரூஸ்டரையும் ஜான்சனையும் வாட்டிய கடைசிக் கண்ணியின் சிக்கல் இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தது.

2022 ஆகஸ்டில் மற்றொரு வலுவான அறிவிப்பு வந்தது. சுமார் 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்னும் கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதை ஜேம்ஸ் வெப் காட்டியது. 4.3 மைக்ரான் அலைநீளத்தில் எழுந்து நின்ற அத்தடம், ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தது. ஒரே தரவைப் பல முறைகளில் தனித்தனியே பகுத்தபோதும் அதே விடை கிடைத்தது. பின்னர் அத்தொலைநோக்கியின் வேறு கருவிகளும் அக்கோளைப் பார்த்தன. நட்சத்திர ஒளியின் தூண்டலால் உருவாகும் கந்தக டை ஆக்சைடும் அங்கே கண்டறியப்பட்டது. பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் செய்திக்கு நம் அறிஞர்கள் கொடுத்த மதிப்பை எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வொளி அக்கோளைவிட்டுப் புறப்பட்டது ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன். கண்ணாடிக் கோளத்தில் நீர் நிரப்பி வானவில்லை ஆராய்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ மறைந்த காலம் அது. அவருடைய ஆய்வு மனிதர்களின் கைகளில் வளர்ந்துகொண்டிருந்த அத்தனை நூற்றாண்டுகளும் அவ்வொளி வழியிலேயே இருந்தது. அது வந்து சேர்ந்தபோது அதைப் படிக்கும் கருவி ஆயத்தமாக இருந்தது. சுப்ஹானல்லாஹ்.

பொறுத்திருப்பதும் ஒரு பதிலே

இனி ஏப்ரல் 2025இன் செய்திக்குத் திரும்புவோம். அவ்வறிவிப்பை வெளியிட்ட குழுவினர், தாங்கள் கண்டது தற்செயலாக நேர்ந்திருக்க ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்றும், கண்டுபிடிப்பு என்று உரிமை கோருவதற்கான அளவை அது எட்டவில்லை என்றும் தாங்களே கூறியிருந்தனர். அடுத்து வந்த சில மாதங்களில் வேறு குழுக்கள் அதே தரவை ஆராய்ந்தன. அத்தடம் போதிய வலுவுடையதன்று என்றும், வேறு மூலக்கூறுகளாலும் அதை விளக்கலாம் என்றும் எழுதின. அம்மூலக்கூறு இருப்பது உறுதியானாலும் உயிர் இருப்பது உறுதியாகிவிடாது. உயிரற்ற ஒரு வால்நட்சத்திரத்திலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது.

இத்தகைய செய்தியோடு அல்லாஹ்வின் வசனத்தைப் பிணைத்துப் பரப்புவதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நாளை அச்செய்தி வீழ்ந்தால், அதனோடு கட்டிவைத்த வசனத்தைக் குறித்து இளம் பிள்ளைகளின் உள்ளத்தில் ஐயம் விழும். வசனம் பொய்த்துவிடாது, அதை ஆராயாமல் கட்டிவைத்த நம் கைதான் பொய்த்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அவ்வேறுபாடு தெரியாது. மறுபுறம், உண்மையான ஆய்வைக் கட்டுக்கதையென்று சொல்லிவிட்டால், அறிவுத்துறையில் அடியெடுத்து வைக்கும் நம் மாணவர்களிடம் மார்க்கத்தையோ கல்வியையோ விட்டுவிடுமாறு நாமே சொன்னதாகிவிடும். இரண்டுக்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்ந்தால் செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்பதை 17:36 வசனம் எச்சரிக்கிறது. கேள்விப்பட்ட யாவற்றையும் எடுத்துரைப்பவரைப் பொய்யரோடு சேர்த்துப் பேசும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார்கள்.

சான்றுகள் ஒன்றோடொன்று மோதி, எதை ஏற்பது என்று தெளிவாகாத இடத்தில் நம் இமாம்கள் ‘தவக்குஃப்’ செய்தார்கள். அதாவது, தீர்ப்பு வழங்காமல் நிறுத்திக்கொண்டார்கள். அதை அவர்கள் இழுக்காகக் கருதவில்லை. கே2-18பி குறித்து இன்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் அதுவே: மீத்தேன் இருக்கிறது, கரியமில வாயுவும் இருக்கிறது, உயிர் பற்றிய செய்தி இன்னும் விசாரணையில் உள்ளது.

ஒளி பொய் சொல்வதில்லை. அல்லாஹ் விதித்த நியதிப்படி, தான் கடந்து வந்த இடங்களையெல்லாம் தன்மீது பதித்துக்கொண்டு வருகிறது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பொறுமையோடு பிரித்தறிவது மனிதனுக்கு விடப்பட்ட பணி. அடுத்த முறை நம் கைப்பேசியில் ஒரு வியப்பான செய்தி வந்து விழும்போது, அதை அனுப்பும் விரலைச் சற்றே நிறுத்தி, அதன் தொடரைக் கேட்கும் பழக்கத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.